வேந்தர் கொண்டுபோன கல்வி

பாத்திமா காத்தூனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவளைப் பிடிக்காத ஒருவர் எழுதிவைத்தது. மங்கோலியர்களிடம் உயர்பதவி வகித்த பாரசீகர் அதா மலிக் ஜுவைனி, 1250களில் தான் எழுதிய உலக வெற்றியாளன் வரலாற்றில் அவளுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். பாரசீகத்தின் கிழக்கே குராசான் பகுதியில் மஷ்ஹத் வீழ்ந்தபோது அவள் சிறைபிடிக்கப்பட்டாள். மங்கோலியத் தலைநகரான காரகோரத்துக்குக் கொண்டுபோகப்பட்டாள். அங்கே சந்தையில் தரகுப் பெண்ணாக இருந்தாள். பிறகு எப்படியோ பேரரசி தொரெகெனேயின் நெருங்கிய தோழியாகிவிட்டாள். பேரரசர் ஒகதேய் 1241இல் இறந்தபின், 1246 வரை தொரெகெனேதான் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகளில் அமைச்சர்கள் நீக்கப்பட்டதும் புதியவர்கள் அமர்த்தப்பட்டதும் பாத்திமாவின் சொல்லால் நடந்தன என்கிறார் ஜுவைனி. தொரெகெனேயின் மகன் கூயுக் கானாகப் பதவியேற்றதும் காட்சி மாறியது. இளவரசர் கோத்தனுக்குச் சூனியம் வைத்தாள் என்று அவள்மீது குற்றம் சாட்டினார்கள், சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள், உடலின் துவாரங்களைத் தைத்து, கம்பளத்தில் சுருட்டி ஆற்றில் எறிந்தார்கள்.

இந்த அத்தியாயத்தில் ஜுவைனி கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அடிமையாக வந்த ஒரு பெண், தன் மொழி பேசாத நாட்டில், உலகின் மிகப்பெரிய பேரரசின் நிர்வாகத்தை வழிநடத்தும் திறமையை எங்கே பெற்றாள்? அவருக்கு 'தந்திரம்' என்ற ஒரு விளக்கமே போதுமானதாக இருந்தது. குற்றம் சாட்டியவர்களுக்குச் 'சூனியம்' போதுமானதாக இருந்தது.

அந்தக் கேள்வியை எழுநூற்று எழுபது ஆண்டுகள் கழித்துக் கேட்டவர் ஜப்பானில் பிறந்த ஓர் ஓவியர். 'தென்மகு நோ ஜாதூகர்' என்ற வரலாற்றுச் சித்திரத் தொடர் 2021இல் தொடங்கியது. அதை வரைபவர் தக்காளி சூப் என்ற புனைபெயர் வைத்துக்கொண்டவர். பெயரையும் வட்ட முகங்களையும் பார்த்துவிட்டுச் சிறுவர்களுக்கான கதை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினால் சில அத்தியாயங்களிலேயே நெஞ்சு கனத்துவிடும். நான் இதை ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் எனக்கு, ஒரு கதை முழுவதையும் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் புத்தகம் ஒன்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

கதையில் அவள் பெயர் முதலில் சிதாரா. குராசானின் தூஸ் நகரில் ஓர் அறிஞர் குடும்பத்துக்கு விற்கப்படும் சிறுமி. வீட்டின் தலைவி பெயர்தான் பாத்திமா. அவருடைய மகன் முஹம்மத் படிப்பில் மூழ்கியவன். சிறுமிக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை. விற்கப்பட்டவளுக்குப் பாடம் எதற்கு? அவளுக்கு அந்த வீடு எழுத்தைத் தருகிறது, பிறகு கணக்கை, பிறகு விண்மீன்களை. முஹம்மத் மேற்படிப்புக்காக நிஷாபூருக்குப் போகிறான். ஆண்டுகள் செல்கின்றன, மங்கோலியப் படை வருகிறது. வீட்டுத்தலைவி கொல்லப்படுகிறார். வீட்டின் மதிப்புமிக்க நூலான யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' பறிபோகிறது. அதைக் கேட்டிருந்தவர் செங்கிஸ்கானின் இளைய மகன் தொலுயின் மனைவி சோர்கக்தானி. சிதாரா தன் எஜமானியின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு கைதியாகப் புல்வெளிக்குப் போகிறாள். சரித்திரம் அறிந்த பாத்திமா அங்கே பிறக்கிறாள்.

இது கற்பனை. ஆனால் கற்பனைக்குத் தேர்ந்தெடுத்த மண் மிகச் சரியானது. தூஸ் சாதாரண ஊர் இல்லை. பாரசீகப் பெருங்காப்பியமான ஷாநாமாவைப் பாடிய ஃபிர்தௌசி பிறந்தது அந்த வட்டாரத்தில். மத்ரஸாக் கல்விக்கு அரசின் பொருளையும் ஒழுங்கையும் தந்த செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் அந்த ஊர்க்காரர். இஸ்லாமியப் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி அங்கே பிறந்தார், அங்கேயே 1111இல் மறைந்தார். பக்கத்து நிஷாபூரில் இருந்த நிஜாமிய்யா மத்ரஸாவில் படிக்கத்தான் கஸ்ஸாலியும் வீட்டை விட்டுப் போனார். கதையில் முஹம்மத் போகும் அதே பாதை அது.

யூக்ளிட் அங்கே அலமாரியில் அழகுக்கு வைத்த நூலும் இல்லை. ஹாரூன் அல் ரஷீதின் காலத்திலேயே ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மதர் அதை அரபியில் மொழிபெயர்த்திருந்தார். பிறகு இஸ்ஹாக் இப்னு ஹுனைன் மீண்டும் மொழிபெயர்க்க, ஸாபித் இப்னு குர்ரா அதைத் திருத்தினார். நிஷாபூரின் உமர் கய்யாம் 1077இல் நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளான யூக்ளிடின் எடுகோள்களில் உள்ள சிக்கல்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். இணைகோடுகளைப் பற்றிய அந்த ஐந்தாம் எடுகோள் மற்றவற்றைப் போல் வெளிப்படையாக இல்லையே, அதை நிறுவ வேண்டாமா என்ற தவிப்பு அது. தூஸில் 1201இல் பிறந்த நஸீருத்தீன் தூஸி அதே எடுகோளோடு மல்லுக்கட்டினார். 1248இல் 'எலிமெண்ட்ஸ்' நூலுக்குத் தன் திருத்தப் பதிப்பை எழுதி முடித்தார். வகுப்பில் இணைகோடு வரையும்போது, இந்த எளிய கோட்டுக்காக எத்தனை பேர் எத்தனை நூற்றாண்டு உறக்கம் இழந்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சிதாரா பறிகொடுத்த நூல் அந்த ஊரில் உயிரோடு விவாதிக்கப்பட்ட நூல்.

அடிமைச் சிறுமிக்குக் கல்வி என்பது நவீன வாசகரைத் திருப்திப்படுத்தச் சேர்த்த சங்கதியாகத் தோன்றக்கூடும். அப்படி இல்லை. அடிமைப் பெண்ணுக்கு நல்ல கல்வி தந்து, விடுதலை செய்து, மணந்துகொள்பவனுக்கு இரட்டை நற்கூலி உண்டு என்ற நபிமொழி புகாரித் தொகுப்பிலேயே இருக்கிறது. அதே புகாரித் தொகுப்பை மக்காவில் பாடம் நடத்திய கரீமா என்ற பெண்மணி குராசானின் மெர்வ் வழிவந்தவர். பக்தாதின் பேரறிஞர் கதீப் அல் பக்தாதி அவரிடம் பாடம் கேட்டார். இவற்றால் அடிமைமுறை நல்லதாகிவிடாது. ஒருவரை விலைக்கு வாங்கிவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் இருக்கும் முரணை இந்தத் தொடர் மறைப்பதில்லை. அந்த வீட்டின் அன்பும் உண்மை, அவள் அங்கே சொத்தாக இருப்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு ஓவியர் நகர்ந்துவிடுகிறார். தீர்ப்புச் சொல்லாத இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கஸ்ஸாலியைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இளவயதில் ஜுர்ஜானில் படித்துவிட்டுத் தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். அவர் பின்னாலேயே ஓடி, என் குறிப்பேடுகளை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள், அவற்றுக்காகத்தான் ஊரைவிட்டுப் போனேன் என்று கெஞ்சினார். கொள்ளையர் தலைவன் சிரித்தான். பையைப் பறித்ததும் உன்னிடம் அறிவு இல்லாமல் போய்விட்டதென்றால் நீ என்ன கற்றாய் என்றான். கஸ்ஸாலி ஊருக்கு வந்து மூன்றாண்டுகள் உட்கார்ந்து தன் குறிப்புகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாராம்.

நாமும் இதே எண்ணத்தில் வளர்ந்தவர்கள்தாம். வெள்ளத்தாற் போகாது, வெந்தணலால் வேகாது, வேந்தராலும் கொள்ளத்தான் முடியாது என்று பள்ளியில் பாடியிருக்கிறோம். குராசானின் கதையைப் படித்தபின் அந்தப் பாட்டில் வேந்தர் வரும் இடத்தில் நான் தயங்கி நிற்கிறேன். வேந்தர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கல்வியைப் பிரித்தெடுக்க முடியாதென்றால், கற்றவனையே எடுத்துக்கொண்டு போய்விடுவது. மெர்வ் நகரத்து மக்களைக் கொன்றபோது 400 கைவினைஞர்களை மங்கோலியர்கள் தேர்ந்தெடுத்து விலக்கி வைத்தார்கள் என்று ஜுவைனியே எழுதுகிறார். நெசவாளி, கொல்லன், மருத்துவன், கணக்கறிந்தவன், பல மொழி பேசுபவன் என்று திறமை உடையவர்கள் கொள்ளைப் பொருளில் ஒரு வகையாகவே கருதப்பட்டார்கள். உயிர் தப்பியதற்கும் ஊரை இழந்ததற்கும் கல்வியே காரணம். கல்வியின் மதிப்பைப் பேசும் எந்த நூலும் இந்த இடத்தைத் தாண்டாமல் போகக் கூடாது என்று நினைக்கிறேன். 'தென்மகு நோ ஜாதூகர்' இங்கேதான் தங்குகிறது. பறித்தவர்களின் கூடாரத்தில், பறிபோன நூலை விளக்கிச் சொல்லும் நிலை சிதாராவுக்கு வருகிறது. தன் மக்களைக் கொன்றவர்களுக்கு ஆசிரியையாக இருக்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் உயிர் மதிப்பிழக்கும். தெரியும் என்று சொன்னால் அந்த அறிவு அவர்களுக்குப் போய்விடும்.

அது போய்ச் சேர்ந்த இடங்கள் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. சோர்கக்தானியின் மூத்த மகன் மோங்கே, 1251 முதல் 1259 வரை பெருங்கானாக இருந்தவர். அவர் யூக்ளிடின் வடிவங்கள் சிலவற்றுக்குத் தாமே தீர்வு கண்டார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதுகிறார். தமக்கு ஒரு வானியல் ஆய்வகம் வேண்டும், நஸீருத்தீன் தூஸியை அனுப்பு என்று தம்பி ஹுலாகுவிடம் கேட்டார். ஹுலாகு அனுப்பவில்லை. 1259இல் ஈரானின் மராகாவில் தானே ஆய்வகம் கட்டவைத்து தூஸியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். இன்னொரு தம்பி குப்லாயின் சீன அரசவைக்கு, 1267இல் ஜமாலுத்தீன் என்ற முஸ்லிம் வானியலாளர் ஏழு கருவிகளின் அமைப்பைக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று பூமி உருண்டை. அந்த அரசின் நூலகப் பட்டியலில் மேற்கத்திய நூல்களுக்கிடையே சீன எழுத்தொலியில் யூக்ளிடின் பெயர் இருக்கிறது, 15 பகுதிகள் என்ற குறிப்போடு. மூன்று சகோதரர்களும் ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாயின் கூடாரத்தில் யூக்ளிடை வைத்தது ஓவியரின் கற்பனைதான். ஆனால் பிள்ளைகளின் ஆர்வம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நயமான ஊகத்தை நான் படித்ததில்லை.

இனி எனக்குக் கடினமான பகுதி. கற்றவர்கள் நல்லவர்கள் என்ற முடிவுக்கு இந்த வரலாறு இடம் தருவதில்லை. பாத்திமாவைத் தரகுக்காரி என்று எழுதிய ஜுவைனி மிகச் சிறந்த கல்விமான். 1256இல் ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான இஸ்மாயிலிகளின் அலமூத் கோட்டை வீழ்ந்தபோது அதன் புகழ்பெற்ற நூலகத்துக்குள் போனவர் அவர். குர்ஆன் படிகளையும் தேர்ந்த நூல்களையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, வழிகேடு என்று தாம் கருதிய நூல்களை எரித்துவிட்டார். இதைப் பெருமையோடு அவரே சொல்கிறார். அந்தக் கோட்டையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் தூஸி. இஸ்மாயிலிகளிடமிருந்து அவர் ஹுலாகுவின் பக்கம் வந்துசேர்ந்தார். 1258இல் ஹுலாகு பக்தாதை அழித்தபோது தூஸி அவனுடைய பரிவாரத்தில் இருந்தார். பிறகு தூஸி எத்தனையோ நூல்களையும் அறிஞர்களையும் மராகாவில் திரட்டிக் காப்பாற்றினார் என்பதும் உண்மைதான். ஒரு தட்டில் பக்தாத், இன்னொரு தட்டில் மராகா என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கதையின் பாத்திமாவும் தன் அறிவைப் பழிவாங்கவே கூர்தீட்டுகிறாள். சிறுவயதில் அவளுக்குக் கற்பித்தவர்கள் சொன்னதன் சாரம், படித்தால் எந்தத் துன்பத்திலும் எது சரியான வழி என்று உனக்குத் தெரியும் என்பது. பேரரசை உள்ளிருந்து பிளக்க அவள் தேர்ந்தெடுக்கும் வழி அந்த வாக்குறுதியை நிறைவேற்றுகிறதா, அதற்குத் துரோகம் செய்கிறதா? தன் ஊர்க்காரரான கஸ்ஸாலியிடம் கேட்டிருந்தால் விடை கடுமையாக வந்திருக்கும். 'ஐயுஹல் வலத்' என்ற சிறு மடலில் அவர் மாணவனுக்குச் சொல்வது, செயலில் வராத அறிவு பைத்தியம் என்பது. அவர் குறிக்கும் செயல் இறைவனை நோக்கியது. எழுதுகோலைக் கொண்டு கற்பித்தவன் என்று குர்ஆனின் முதல் வெளிப்பாடு இறைவனைக் குறிக்கும் மரபில், அறிவு வெறும் கருவி ஆகிவிட முடியாது. அந்தக் கோணத்தில் பார்த்தால் பாத்திமா தோற்றவள். ஆனாலும் வீடு எரிந்த பெண்ணைப் பார்த்து உன் அறிவை நல்லதற்குப் பயன்படுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவள் பக்கம்தான் நிற்கிறேன். அவள் எதிரிகளில் அறிவை மதிப்பவர்களும் அன்பானவர்களும் இருக்கிறார்கள் என்பதை அவளைக்கொண்டே கண்டுகொள்ள வைக்கும்போது, ஓவியர் என்னையும் சேர்த்து வதைக்கிறார்.

ஒரு ஜப்பானியருக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. தொடர்பு மிகப் பழையது. கெய்சேய் என்ற ஜப்பானியத் துறவி சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1217இல் அயல்நாட்டவர் சிலரைச் சந்தித்தார். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த பௌத்தர்கள் என்று நம்பி, ஒரு தாளில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார். அதைப் புனித மந்திரமாகக் கருதி ஊருக்குக் கொண்டுவந்து மூத்த துறவி மியோஎவுக்குக் கொடுத்தார். எழுதியவர்கள் பாரசீகர்கள், எழுதியது காதலும் பிரிவும் பேசும் கவிதை. அதில் ஷாநாமாவின் வரிகள் இருப்பதை அறிஞர்கள் பிற்காலத்தில் அடையாளம் கண்டார்கள். தூஸ் அழிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தூஸின் கவிஞர் ஜப்பானுக்கு வந்துவிட்டார், யாரும் அறியாமலே. அதே சுவான்ஜோவில்தான் சம்பந்தப் பெருமாள் என்பவர் குப்லாய் ஆட்சியில் சிவன் கோயில் எழுப்பி, கானின் நலம் வேண்டி 1281இல் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தார். அந்தத் துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1275இல் குப்லாய் அனுப்பிய ஐந்து தூதர்களை ஜப்பானின் காமகுரா அரசு தலைவெட்டிக் கொன்றது. அவர்களில் ஒருவர் முஸ்லிம். அவருடைய பெயர் சீன எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஃபுஜிசாவா நகரில் ஜோரியூ ஆலயத்தில் ஐவருக்கும் நினைவுக்கல் உண்டு. 1281இல் குப்லாயின் பெருங்கடற்படை கியூஷூ கரையில் புயலில் மூழ்கியது. அதே 1281இல்தான் குப்லாயின் அரசவை ஷோஷீ நாட்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குவோ ஷோஜிங்குக்கு முஸ்லிம் வானியல் எவ்வளவு உதவியது என்பதில் ஆய்வாளர்களிடம் கருத்துவேறுபாடு உண்டு. சீன வானியலும் முஸ்லிம் வானியலும் ஒரே அரசவையில் அருகருகே இருந்தன என்பதில் இல்லை. நானூறு ஆண்டுகள் கழித்து ஷிபுகாவா ஷுன்காய் என்ற ஜப்பானியர் அந்த நாட்காட்டியின் கணக்கைக் கற்று, ஜப்பானின் இருப்பிடத்துக்கு ஏற்பத் திருத்தினார். 823 ஆண்டுகள் ஜப்பான் பின்பற்றிய பழைய நாட்காட்டி 1685இல் விடைபெற்றது. ஷுன்காயைப் பற்றியும் ஜப்பானில் பரிசுபெற்ற வரலாற்று நாவல் ஒன்று உண்டு. வாளை ஓரம் வைத்துவிட்டுக் கணக்குப் போடுபவனை நாயகனாக்கும் துணிவு அங்கே எழுத்தாளர்களுக்கும் இருக்கிறது, வாசகர்களுக்கும் இருக்கிறது. நம் சரித்திர நாவல்களில் ஓலைச்சுவடி என்றால் அதில் புதையல் ரகசியம்தான் இருக்கும். கணக்கதிகாரம் போன்ற ஒரு பழந்தமிழ்க் கணக்கு நூலுக்காக உயிர் துடிக்கும் பாத்திரம் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

இஸ்லாமியக் கல்வி மரபை ஜப்பானியர் நேருக்கு நேர் சந்தித்ததற்கு எனக்குப் பிடித்த சான்று தோஷிஹிகோ இஸுட்சு. 1914இல் பிறந்தவர். ரஷ்யாவை விட்டு டோக்கியோவுக்கு வந்திருந்த தாத்தார் அறிஞர் அப்துர்ரஷீத் இப்ராஹிமிடம் அரபி கற்கத் தொடங்கினார். அவர் வழியாக அறிமுகமானவர் மூசா ஜாருல்லா, 1930களின் இறுதியில் அகதியைப் போல் ஜப்பான் வந்துசேர்ந்த பேரறிஞர். அரபி இலக்கணத்தின் தாய்நூலான சீபவைஹியின் 'கிதாப்' பாடத்தை மூசா புத்தகம் இல்லாமலே நடத்தினார். நூல் முழுவதும், உரையோடு சேர்த்து, அவர் நினைவில் இருந்தது. ஒருமுறை இஸுட்சுவின் வீட்டுக்கு வந்தவர் நூல்கள் நிறைந்த அறையைப் பார்த்து, தீப்பிடித்தால் என்ன செய்வாய், வீடு மாறினால் என்ன செய்வாய் என்று கேட்டார். மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போவேன் என்றார் இஸுட்சு. நத்தையைப் போலவா என்று சிரித்த மூசா, எங்கே போனாலும் வெறுங்கையோடு உட்கார்ந்து ஆய்வு செய்ய முடியாதவன் அறிஞனா என்றார்.

கஸ்ஸாலியின் கொள்ளையன் கேட்ட அதே கேள்வி, டோக்கியோவில், நாடிழந்த ஒருவர் வாயிலிருந்து. தன் வாழ்வின் இறுதியில் இஸுட்சு இந்த நிகழ்வை நினைவுகூர்ந்தது, மங்கோலியர்களையும் புல்வெளியையும் வாழ்நாள் முழுவதும் நேசித்த வரலாற்று நாவலாசிரியர் ஷிபா ரியோதாரோவுடனான உரையாடலில். 1957, 58 ஆண்டுகளில் இவானாமி பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பு வரிசையில் இஸுட்சுவின் குர்ஆன் மொழிபெயர்ப்பு வெளிவந்திருந்தது. அரபி மூலத்திலிருந்து நேராக ஜப்பானிய மொழிக்கு வந்த முதல் முழு மொழிபெயர்ப்பு அது. இன்றும் அந்த வரிசையில் அச்சில் இருக்கிறது. பள்ளி மாணவரும் வாங்கக்கூடிய விலையில்.